பந்து கோச்சின் பொறுப்பு, மற்றதெல்லாம் நம் பொறுப்பு

மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பிள்ளை கூடைப்பந்தில் சேருவது சுலபம். உயரத்தைப் பார்த்து ஓர் ஆசிரியர் கூப்பிடுவார். இல்லாவிட்டால் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆடுகளத்தில் சீனப் பிள்ளைகளோடு ஆடியே பழகியிருக்கும். நிலைத்து ஆடுவதுதான் பாடு. பந்து வசப்படாததால் ஆட்டத்தை விடும் பிள்ளைகள் குறைவு, விடவைப்பது வேறு. மாலை ஆறரைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் இருக்காது. சப்பாத்து கடிக்கும். டியூஷனும் பயிற்சியும் ஒரே நாளில் விழும். சுளுக்கிய கணுக்கால் ஆறுவதற்குள் மறுபடி சுளுக்கும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டு விழும். இவை எல்லாம் ஆடுகளத்துக்கு வெளியே நடப்பவை, அதாவது நம் கையில் இருப்பவை. பந்தை எப்படி எறிவது என்பதைக் கோச் பார்த்துக்கொள்வார்.

முதலில் வண்டி. பயிற்சி நான்கரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். அந்த நேரத்தில் தோட்டக் குடியிருப்புக்குப் போகிற பள்ளி வேன் கிடையாது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு எல்லா நாளும் வந்து நிற்க முடியாது. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து முறை வைத்துக்கொள்வதுதான் வழி. வாட்சாப் குழுவில் யாருக்கு எந்த நாள் என்று மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். "யாராவது கூட்டிட்டு வாங்க" என்று அன்றைக்கு அன்றைக்கு எழுதினால் இரண்டாவது வாரமே குலைந்துவிடும். ஷிப்ட் மாறும் வாரத்துக்கு மாற்று ஆள் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் என்றால் பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் விழும்போது அதுவே முதலில் கழன்று போகும்.

அடுத்தது சப்பாத்து. பெற்றோர் பணம் போடும் இடமும் அதிகம் தவறும் இடமும் இதுதான். ஓட்டச் சப்பாத்தின் குதிகால் பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், நேராக ஓடுவதற்காகச் செய்தது. கூடைப்பந்தில் பாதி நேரம் பக்கவாட்டு ஓட்டம், திடீர் நிறுத்தம். அந்த உயர்ந்த குதிகால் பக்கவாட்டில் சாய்ந்தால் கணுக்காலும் கூடவே மடங்கும். கறுப்புப் பள்ளிச் சப்பாத்தின் அடி மெல்லியது, குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுதும் குதிகாலுக்கும் முட்டிக்கும் போகும். கூடைப்பந்துச் சப்பாத்து விலை உயர்ந்த பிராண்டாக இருக்க வேண்டியதில்லை. அடி தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், பக்கவாட்டில் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும், முன்பாதம் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் துணி மாதிரி வளைந்தால் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

வாங்கப் போவது மாலையில் இருக்கட்டும், பகல் முழுதும் நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடும் தடித்த காலுறையையே போட்டுப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கும் சப்பாத்து நுனிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் நிறுத்தும்போதெல்லாம் பாதம் உள்ளே முன்னுக்கு வழுக்கி நகத்தில் இடிக்கும். நகம் கறுத்துப் போவதும் குதிகாலில் கொப்புளம் வருவதும் அதனால்தான். வளரும் வயதில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியை அழுத்திப் பாருங்கள். சின்னதாகிப் போனது நல்ல நிலையில் இருந்தால் அணியில் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அப்படிக் கைமாறும் சப்பாத்தில் அடிப்பக்கம் ஒரு புறமாகத் தேய்ந்திருந்தால் வேண்டாம்.

நம் ஊர் ஆடுகளங்கள் பெரும்பாலும் சிமெண்ட். அது ரப்பர் அடியை உப்புத்தாள் போல அரைக்கும். பெருவிரலுக்குக் கீழே கோடுகள் மறைந்து வழுவழுப்பானால் சப்பாத்தின் ஆயுள் முடிந்தது. மழையில் நனைந்ததை வெயிலிலோ கார் பின்பெட்டியிலோ வைத்தால் பசை விட்டு அடி பிளந்துகொள்ளும். உள் அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

பந்து அளவில் நிறைய வீடுகள் "பெரிய பந்தில் பழகினால் சின்னப் பந்து சுலபம்" என்று நினைக்கின்றன. நேர் எதிர். 12 வயது வரை ஐந்தாம் எண் பந்து. அதற்கு மேல் பெண்களுக்கு ஆறாம் எண், பெரிய பையன்களுக்கு ஏழாம் எண். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஏழாம் எண்ணைக் கொடுத்தால் கை பத்தாது. இடுப்பிலிருந்து இரு கையாலும் தள்ளி எறியும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்ற வருடங்கள் ஆகும். வளையமும் அப்படித்தான். முழு உயரம் 3.05 மீட்டர், சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். வீட்டுச் சுவரில் வளையம் அடிப்பதாக இருந்தால் இந்த இரண்டாவது அளவை வையுங்கள்.

சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்துதான் சரி. தோல் பந்தும் செயற்கைத் தோல் பந்தும் சில வாரத்தில் மேல்தோல் உரிந்துவிடும். காற்றின் அளவு வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 பிஎஸ்ஐ. அளவுமானி இல்லாத வீட்டில், 1.8 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் அதன் மேல்பகுதி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழ வேண்டும். பம்ப் ஊசியைத் தண்ணீரில் நனைக்காமல் குத்தினால் வால்வு கிழிந்து, பிறகு எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பந்தை விடாதீர்கள், உள்ளே காற்று விரிந்து ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். புடைத்த பந்து நேராக எழாது. பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும்.

இனி சாப்பாடு. பள்ளி விட்டு வந்து ஒன்றரைக்குச் சோறு சாப்பிட்டால் நான்கரைப் பயிற்சிக்கு அது சரியான இடைவெளி. மூன்றரைக்குக் கடையில் எண்ணெய் மிதக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தால் ஓடும்போது வயிறு கனத்துக் குமட்டும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம், காயா தடவிய ரொட்டி, இரண்டு இட்லி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் கூடவே முட்டையோ மீனோ பருப்போ. இரவுச் சாப்பாடு தாமதமாகும் நாளில் அதுவரைக்கு மைலோ ஒரு குவளை. புரட்டாசியில் சைவம் இருக்கும் வீட்டில் சோறும் குழம்பும் மட்டும் தட்டில் விழுந்தால் பிள்ளையின் தசைக்குப் பத்தாது. தெம்பே (புளிக்கவைத்த சோயா), தவ்ஃபூ, சுண்டல், தயிர் என்று வேளைக்கு ஒன்று சேருங்கள். தெம்பேவைப் பொரித்து வைத்தால் பிள்ளைகள் தாமாகவே தின்னும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசியே ஆக வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தோட்டத்திலிருந்து வேன் பிடிக்கும் பிள்ளை ஐந்தரைக்கு எழுந்தால், பன்னிரண்டு வயதில் எட்டரைக்கே படுக்க வேண்டும். ஆறரை வரை பயிற்சி, ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை டியூஷன், அதன் பின் வீட்டுப்பாடம் என்று ஒரே நாளில் அடுக்கினால் கணக்கு உதைக்கும். மறுநாள் வகுப்பில் தூங்கும், பயிற்சியில் கால் பின்னும், "கூடைப்பந்தால்தான் படிப்பு கெடுது" என்ற தீர்ப்பு வரும். டியூஷன் ஆசிரியரிடம் பயிற்சி இல்லாத நாளையோ சனிக்கிழமைக் காலையையோ கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். இணைப்பாட நடவடிக்கைக்கும் பள்ளியில் புள்ளி உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் அது 10 விழுக்காடு.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள். பயிற்சி நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம். வியர்வையோடு இறங்கிக் கண்ணில் எரியும், துடைத்த கையில் பந்து வழுக்கும். தோடு, மூக்குத்தி, காப்பு, மோதிரம், கோயிலில் கட்டிய கயிறு எதுவும் ஆட்டத்தில் கூடாது. நடுவர் நிறுத்தி வெளியே அனுப்புவார், அணி அந்த நேரத்துக்குத் தடுமாறும். காது குத்துவதாக இருந்தால் ஆண்டு இறுதி விடுமுறைத் தொடக்கத்தில் குத்துங்கள், ஆறு வாரத்துக்குத் தோட்டைக் கழற்ற முடியாது. கயிறைக் கழற்ற மனம் ஒப்பாத பாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஆடுகளத்தில் சண்டை வராது. பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு உள்ளாடையும், பையில் எப்போதும் ஒரு பேடும் மாற்று உடுப்பும் இருக்க வேண்டும். அதைக் கோச்சிடம் கேட்கக் கூசி, வயிற்று வலி என்று வீட்டிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு.

வெயிலுக்குத் தண்ணீர்தான் மருந்து. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர், ஆடும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நான்கைந்து வாய். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு 100 பிளஸ் மாதிரி விளையாட்டுப் பானம் தேவையில்லை. நீண்ட ஆட்டத்துக்கும் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும் போட்டிக்கும் அது உதவும். தலைவலி, குமட்டல், வெயிலில் மயிர்க்கூச்சம் வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ உடனே 999-ஐ அழையுங்கள். ஊற்றும் தண்ணீரை ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பேராக்கில் பிற்பகல் இடி சொல்லாமல் வரும். இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். திறந்த ஆடுகளத்தில் இரும்புக் கம்பத்தடியில் ஒதுங்குவதைவிட மோசமான இடம் இல்லை. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கை நிறுத்தப்படும். தாமான் ஆடுகளத்துக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

காயத்தில் நாம் செய்யும் தவறுகள் ஆட்டத்தை மாதக்கணக்கில் நிறுத்திவிடும். கணுக்கால் சுளுக்கினால் அன்றிரவே எண்ணெய் காய்ச்சி நீவிவிடுவது நம் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் அதைச் செய்யவே கூடாது. உள்ளே கிழிந்த நாரிலிருந்து இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கும், சூடும் நீவலும் வீக்கத்தைப் பெருக்கும். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. இழுபடும் துணிக்கட்டு, காலுக்குக் கீழே இரண்டு தலையணை. நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் வலித்தாலோ அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே. வளரும் பிள்ளைக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைக்கு அங்கே முறிவாக முடியலாம். வீக்கம் வடிந்ததும் திரும்ப ஆட விடாதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் வலியில்லாமல் பத்து முறை குதித்து, ஓடித் திசை திருப்ப முடிந்த பிறகுதான். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கச் சொல்லுங்கள். மறுபடி சுளுக்காமல் காப்பது அந்தச் சமநிலைப் பயிற்சிதான். உயரச் சப்பாத்து மட்டும் காப்பாற்றாது.

விரல் நுனியில் பந்து மோதி வீங்கினால் யாரோ ஒருவர் பிடித்துச் சொடக்கென்று இழுப்பார். அனுமதிக்காதீர்கள். ஐஸ் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுங்கள். நுனி கீழே தொங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் நிமிர்த்தும் நார் அறுந்திருக்கிறது. விரலை நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் கட்ட வேண்டும். நடுவில் ஒரு நாள் மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து. இதை "சின்ன விரல்தானே" என்று விட்டால் வளைந்தபடியே நின்றுவிடும்.

10 முதல் 15 வயதில், வேகமாக வளரும் பருவத்தில் முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். எலும்பு வளரும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காமல் இழுப்பதால் வருவது. குதிப்பதைக் குறைத்து, பயிற்சிக்குப் பின் ஐஸ் வைத்தால் காலப்போக்கில் சரியாகும். பள்ளி அணி, தாமான் அணி, வார இறுதிப் போட்டி மூன்றிலும் ஆடும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தொல்லை தரும். வாரத்தில் ஆடும் மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

மொழியும் ஒரு தடை. இங்கே பல அணிகளில் கோச் சீனர், அவசரத்தில் மாண்டரினில்தான் கத்துவார். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை அரை வினாடி தாமதமாகத் திரும்பும். கவனம் இல்லை என்று பெயர் வாங்கும். ஐந்து சொல் போதும். ஃபாங் ஷோ என்றால் தடுத்து ஆடு, ஹுய் லாய் என்றால் திரும்பி வா, சுவான் என்றால் பந்தைக் கொடு, குவாய் என்றால் சீக்கிரம், லான் பான் என்றால் பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடி. வீட்டில் ஒரு வாரம் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். வேறு சொல் வந்தால் கோச்சிடமே அர்த்தம் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

ஆறேழு பிள்ளைகள் மட்டும் கிடைக்கும் சிறிய தமிழ்ப்பள்ளிக்கு மூவர் கூடைப்பந்து பொருத்தம். அரை ஆடுகளம், ஒரு வளையம், மாற்று ஆளோடு நால்வர், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. 2020 தோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டமும்கூட. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால் ஒரு கம்பத்தோடு தொடங்கலாம். கம்பத்தின் அடிப்பாகத்துக்குக் கனம் போட்டிருக்கிறதா, வளையத்தின் திருகாணி துருவேறித் தளர்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வளையத்தில் யாரும் தொங்கக் கூடாது. மழைக்காலத்தில் தரையில் பச்சைப் பாசி படியும், குளோராக்ஸ் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகே ஆட விடுங்கள்.

மாவட்டப் போட்டிக்கு வயது பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடப்படும். பிறப்புப் பத்திர நகல், மைகிட் அல்லது மைகார்ட் (அடையாள அட்டை) நகல், பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பத்திரத்தில் குழப்பம் உள்ள குடும்பங்கள் தோட்டப் பகுதியில் இன்னும் உண்டு. போட்டி அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது. இந்த ஆண்டு ஆடாவிட்டாலும் இப்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

ஆட்டத்தன்று ஓரத்தில் நின்று "போடு, போடு" என்று கத்தாதீர்கள். பந்து கையில் வந்த பிள்ளைக்கு முடிவெடுக்க ஒரு வினாடிதான் இருக்கிறது. கோச் "கொடு" என்கிறார், அப்பா "போடு" என்கிறார், பிள்ளை இரண்டும் செய்யாமல் நிற்கும். நடுவரைத் திட்டுவதும் பெரும்பாலும் விதி தெரியாமல்தான். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு, பிடிக்கும்போது தரையில் உள்ள கால் அடியாகக் கணக்கில் வராது, அதற்குப் பிறகுதான் இரண்டு அடி. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா 2017-இல் கொண்டுவந்த மாற்றம் இது, பழைய கண்ணுக்கு மூன்று அடி போலத் தெரியும். ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது தவறிலிருந்து (ஃபவுல்) எதிரணிக்கு நேர் எறிதல், அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தில் எறியும் வாய்ப்பு, போகும். அதனால்தான் எறியாதவரைத் தொட்டதற்குக்கூட இரண்டு எறிதல் கொடுக்கிறார்கள்.

புள்ளியை எண்ணுவதை விட்டு வேறு மூன்றை எண்ணிப் பாருங்கள். பந்து போனதும் எத்தனை முறை உடனே திரும்பி ஓடியது, எத்தனை முறை எதிராளியைப் பின்னால் நிறுத்திவிட்டுப் பந்துக்குக் குதித்தது, எத்தனை முறை நல்ல இடத்தில் நின்றவனுக்குக் கொடுத்தது. இரவில் "இன்னிக்கு ஒம்பது தடவை திரும்பி ஓடுன" என்று சொன்னால் பிள்ளை முகம் மாறும். வண்டியில் ஏறியதும் ஆட்டத்தை அலச வேண்டாம், "பசிக்குதா?" போதும். பேச நினைத்தால் அதுவே பேசும். கண்ணீர் வந்தால் வரட்டும். ஆட வாய்ப்பு குறைவாகக் கிடைத்ததைப் பற்றிக் கோச்சிடம் அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். அதற்கு முன் பிள்ளையே போய் "நான் எதுல முன்னேறணும் கோச்?" என்று கேட்கட்டும். அடுத்த வீட்டுப் பையனை ஏன் ஆடவிட்டீர்கள் என்ற பேச்சைத் தொடங்கினால் அங்கேயே முடிந்தது.

வீட்டில் பழக வளையமே தேவையில்லை. முட்டியை மடக்கி, தலை நிமிர்ந்து, பந்தைக் காலுக்கு வெளியே வலக்கையில் 30 வினாடி, இடக்கையில் 30, குறுக்கே மாற்றி 30. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு நான்கு சுற்று. பிள்ளை பந்தையே பார்த்தால் எதிரே நின்று விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். சுவரில் நெஞ்சுயரத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று ஐம்பது வீச்சு. வளையத்துக்கு ஓடி எறியும் அடிக்கு இரண்டு ஜப்பான் சிலிப்பர் போதும். வலக்கை எறிதலுக்கு முதல் சிலிப்பரில் வலக்கால், அடுத்ததில் இடக்கால், இடக்காலில் உந்தி மேலே. இடக்கைக்கு எல்லாம் தலைகீழ். பந்தில்லாமல் இருபது முறை நடந்து, பிறகு ஓடி, கடைசியாகப் பந்தோடு. முதலிலேயே பந்தைக் கொடுத்தால் கால் குழம்பும்.

ஏழு மணிக்கு மேல் சுவர் வீச்சு வேண்டாம். பக்கத்து வீட்டில் மக்ரிப் நேரம், நம் வீட்டில் விளக்கேற்றும் நேரம். பந்தை ஈரத்துணியால் துடைத்து, கட்டிலுக்கடியில் வைக்கச் சொல்லுங்கள்.